பிடித்த சினிமாவை வரைந்து விற்றேன். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது

கேள்வி: நான் சேலத்தில் வசிக்கும் ஓவியர். பிரபலமான தமிழ்ப் படங்களின் காட்சிகளையும் நாயகர்களின் முகங்களையும் டேப்லெட்டில் வரைந்து, அச்சுப் பிரதிகளாகவும் டி-ஷர்ட்டுகளாகவும் இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறேன். கல்யாண ஜோடிகளைச் சினிமா போஸ்டர் போல வரைந்து கொடுக்கும் வேலையும் உண்டு. சென்ற மாதம் ஒரு தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர்களுடைய படத்தின் போஸ்டரை நான் நகலெடுத்துவிட்டேனாம். ஏழு நாட்களுக்குள் மன்னிப்புக் கடிதமும் ஐந்து லட்சம் ரூபாயும் தராவிட்டால் சிறை என்று எழுதியிருக்கிறார்கள். என் பதிவையும் நீக்க வைத்துவிட்டார்கள். அந்தப் போஸ்டரைப் பார்த்துத்தான் வரைந்தேன், மறுக்கவில்லை. ஆனால் நிறங்களையும் பின்னணியையும் மாற்றினேன். படத்தின் பெயரைப் போட்டு நன்றியும் தெரிவித்தேன். முப்பது சதவீதம் மாற்றினால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் செய்தது குற்றமா? பணத்தைக் கட்டிவிடுவதா? இதே ஓவியத்தை வேறொருவர் எடுத்து மொபைல் உறையில் அச்சிட்டு விற்கிறார். அவரை நான் தட்டிக்கேட்க முடியுமா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். நோட்டீஸைக் குப்பையிலும் போடாதீர்கள். இன்றே அந்த ஒரு ஓவியத்தின் விற்பனையை மட்டும் நிறுத்திவிட்டு, மேலே படியுங்கள்.

முதலில் அந்த முப்பது சதவீதம். என்னிடம் வரும் ஓவியர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். சிலர் இருபது என்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இப்படி ஒரு கணக்கு எங்கும் இல்லை. உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் வகுத்த சோதனை வேறு. ஒரு நாடக ஆசிரியர் தம் நாடகத்தைத் திருடிப் படமாக்கிவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கு அது. கருவுக்கும் கதைப்பொருளுக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் பாதுகாப்பு என்றது நீதிமன்றம். இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண ரசிகனுக்கு, பின்னது முன்னதன் நகல்தான் என்று ஐயமின்றித் தோன்றுகிறதா என்பதே கேள்வி. வழக்குத் தொடுத்தவர் அதில் தோற்றார். நீங்களும் அந்தக் கண்ணோடு உங்கள் ஓவியத்தைப் பாருங்கள். நாயகன் நிற்கும் நிலை, கோணம், நிழல் விழும் பக்கம், ஆட்களை அடுக்கிய விதம் எல்லாம் போஸ்டரில் உள்ளபடியே இருந்தால், நீலத்தைச் சிவப்பாக்கியது உங்களைக் காப்பாற்றாது.

நன்றி தெரிவித்ததும் அப்படித்தான். பிரிவு 52 சில பயன்பாடுகளுக்கு விலக்கு தருகிறது: சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி. உங்கள் வீட்டுச் சுவருக்கு வரைந்து மாட்டினால் சொந்தப் பயன்பாடு என்று நான் வாதாடுவேன். விலை போட்டு விற்ற பிறகு அந்த வாதம் வாயில் வராது. ரசிகர் ஓவியம் என்று தனியாக ஒரு விலக்கும் சட்டத்தில் கிடையாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எவ்வளவு மாற்றினோம் என்பதல்ல, எதைப் பார்த்து வரைந்தோம் என்பது. போஸ்டர் தனியே ஒரு கலைப்படைப்பு. அதிலுள்ள ஸ்டில் புகைப்படம் இன்னொரு கலைப்படைப்பு. அவற்றை எந்த வடிவில் மறுஆக்கம் செய்தாலும், கையால் வரைந்தாலும், உரிமையாளரின் அனுமதி வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2023இல், புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை தோற்றதும் இதே மாதிரியான இடத்தில்தான். பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படத்தை வைத்து வார்ஹோல் உருவாக்கிய ஓவியத்தைப் பத்திரிகைக்கு உரிமம் தந்தது நியாயமான பயன்பாடு ஆகாது என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வார்ஹோலுக்கே கிடைக்காத சலுகையை நமக்குத் தருவார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம்.

திரையில் ஓடும் ஒரு காட்சியைப் பார்த்து, மனத்தில் வாங்கி வரைந்தால்? இங்கே உங்கள் பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது. திரைப்படத்தின் பதிப்புரிமை என்பது படத்தை நகலெடுக்கும் உரிமை. அதில் ஒரு காட்சியைப் புகைப்படமாக எடுப்பதும் அடங்கும் என்கிறது பிரிவு 14. கையால் வரைவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. படத்தை அப்படியே பிரதியெடுத்தால்தான் நகல் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2003இல் ஒரு விளம்பரப் பட வழக்கில் சொன்னது. 2019இல் டயர் நிறுவனங்கள் இரண்டு மோதிக்கொண்ட வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் அதற்கு நேர்மாறாக, நகல் என்பதை அவ்வளவு சுருக்கிப் பார்க்கக் கூடாது என்றது. ஆகவே இது வக்கீல்கள் சண்டை போடும் களம்; அதில் உங்கள் பிழைப்பைப் பணயம் வைக்காதீர்கள். காட்சியை விட்டு, அது தந்த உணர்வை, காலத்தை, ஊரை வரைந்தால் யாரும் தொட முடியாது. பழைய மவுண்ட் ரோடு பேனர்களின் அடர் நிறங்களும் தடித்த தூரிகைக் கோடுகளும் ஒரு பாணி. பாணிக்குப் பதிப்புரிமை இல்லை. (அந்த பேனர் ஓவியர்களுக்கு இந்தத் தொல்லையே வந்ததில்லை. படத்துக்காரர்களும் தியேட்டர்காரர்களும் கூலி கொடுத்து வரையச் சொன்ன வேலை அது.)

பழைய படங்கள் என்றால் தப்பித்துவிடலாமே என்று நினைப்பீர்கள். ஓரளவு உண்மை. படத்தின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள். 1960இல் வந்த படத்துக்கு 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் படத்துக்கு போஸ்டர் வரைந்த ஓவியர் 1995இல்தான் காலமானார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஓவியத்துக்கான பாதுகாப்பு அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள், அதாவது 2055 வரை ஓடும். படம் பொதுச்சொத்தான பிறகும் போஸ்டர் ஆகாது.

அடுத்தது முகம். உங்களுக்கு வந்த நோட்டீஸ் தயாரிப்பு நிறுவனத்தினுடையது. நடிகர் தரப்பு இன்னும் வரவில்லை. வந்தால் அது தனி வழக்கு. ரஜினிகாந்த் தம் பெயரைத் தலைப்பில் வைத்த ஓர் இந்திப் படத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, 2015இல் நீதிமன்றம் அவருடைய ஆளுமை உரிமையை, அதாவது தம் பெயரையும் உருவத்தையும் பிறர் வணிகத்துக்குப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமையை, ஏற்றுத் தடை விதித்தது. பார்ப்பவருக்கு அவர் இன்னார் என்று தெரிந்தாலே போதும், குழப்பம் ஏற்பட்டதாகக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. 2022இல் அமிதாப் பச்சனும் 2023இல் அனில் கபூரும் தில்லியில் பெற்ற ஆணைகள் இதே திசையில் இன்னும் தூரம் போயின.

நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு வேறு. 2023 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம், கிரிக்கெட் வீரர்களின் முகங்களை ஓவியமாக்கி டிஜிட்டல் அட்டைகளாக விற்ற ஒரு விளையாட்டு நிறுவனத்துக்கு எதிராக இடைக்காலத் தடை தர மறுத்தது. கலை, நையாண்டி, செய்தி போன்றவற்றுக்காகப் பிரபலங்களின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவது பேச்சுரிமைக்குள் வரும் என்பது அதில் சொல்லப்பட்ட கருத்து. ஓவியர்களுக்கு இதைவிட இதமான வரிகளை நான் அண்மையில் படித்ததில்லை. என்றாலும் சென்னை நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. ஓவியமாகச் சட்டமிட்டு விற்பதற்கும், நாயகன் முகத்தை டி-ஷர்ட்டின் நெஞ்சில் அச்சிட்டு விற்பதற்கும் நீதிபதி வேறுபாடு காண்பார். முன்னதைக் கலை என்று வாதாடலாம். பின்னதில் முகம்தான் சரக்கு. டி-ஷர்ட்டை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. அதில் படத் தலைப்பை அதே எழுத்துருவில் போட்டிருந்தால் இன்னும் வேகமாக விட்டுவிடுங்கள்: தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்திருந்தால் அது தனிச் சட்டத்தின் கீழ் வரும்.

மறைந்த நடிகர்கள் விஷயத்தில் நெருக்கடி குறைவு. ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பான வழக்கில், ஒருவரது அந்தரங்க உரிமை வாரிசுகளுக்கு இறங்காது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது.

இனி நோட்டீஸ். அது நீதிமன்ற ஆணை அல்ல, ஒரு கட்சிக்காரரின் கடிதம். ஐந்து லட்சம் என்பது அவர்கள் மனத்தில் தோன்றிய எண். வழக்கென்று வந்தால் அவர்களுக்கு நேர்ந்த நஷ்டத்தை நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஈட்டிய லாபத்தைக் கேட்கலாம். எத்தனை பிரதி விற்றீர்கள், அச்சுச் செலவும் கூரியர் செலவும் போக என்ன மிஞ்சியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தொகைக்கும் ஐந்து லட்சத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் தூக்கம் வரும்.

சிறை என்ற மிரட்டல் முழுப் பொய் அல்ல. பிரிவு 63இன்படி தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிடியாணை இல்லாமலே போலீஸார் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக் குற்றங்களில் அவசியமில்லாமல் கைது செய்யக் கூடாது, முதலில் ஆஜராகும்படி அறிவிப்பு தர வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இலேயே சொல்லியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது 'தெரிந்தே' என்ற நிபந்தனையை. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து தெரியாது என்று உங்களால் சொல்ல முடியாது. விற்பனையை இன்றே நிறுத்தச் சொன்னது அதனால்தான்.

பதில் நோட்டீஸை ஒரு வழக்கறிஞர் மூலம், அவர்கள் தந்த கெடுவுக்குள் அனுப்புங்கள். அதில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாசகம் இருக்கக் கூடாது. மன்னிப்புக் கடிதம் என்று அவர்கள் கேட்பது பின்னாளில் சாட்சியமாக நீட்டத்தான். 'உரிமைகளுக்குப் பங்கமின்றி' (அதாவது, இதைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது) விற்பனையை நிறுத்தியிருக்கிறோம், போஸ்டரின் பதிப்புரிமை உங்களுடையது என்பதற்கான ஆவணத்தைக் காட்டுங்கள், கோரும் தொகைக்குக் கணக்கைத் தாருங்கள் என்று எழுதினால் போதும். போஸ்டரை வடிவமைத்தவரிடமிருந்து உரிமையை முறைப்படி வாங்கி வைக்காத நிறுவனங்கள் நான் பார்க்காதவை அல்ல. மூல ஓவியக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அதன் அடுக்குகள், நீங்கள் எதை எப்போது வரைந்தீர்கள் என்பதற்கான சான்று.

நீக்கப்பட்ட பதிவைப் பற்றி: புகாரின்மேல் இணையதளம் நீக்கினால், புகார் தந்தவர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் அந்தத் தளம் அதை மீண்டும் அனுமதிக்கலாம் என்பது நம் சட்டம். இந்தப் பதிவுக்காக நான் மல்லுக்கட்ட மாட்டேன். புகார்கள் சேர்ந்தால் கணக்கே முடங்கும். உங்கள் கடை அதுதான்.

கல்யாண ஓவியங்களைத் தொடருங்கள். குறிப்பிட்ட ஒரு போஸ்டரைத் தடம் பிடித்து முகத்தை மட்டும் மாற்றாமல், போஸ்டர் என்ற பாணியில் புதிதாக வரையுங்கள். இதில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டபடி வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவரே என்கிறது பிரிவு 17. அதாவது அந்த மணமக்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் உங்கள் பக்கத்தில் மாதிரியாகப் போடுவதுகூடச் சிக்கல். ஆர்டர் எடுக்கும்போதே 'பதிப்புரிமை ஓவியருக்கு, வாடிக்கையாளருக்குச் சொந்தப் பயன்பாட்டு உரிமை' என்று வாட்ஸ்அப்பில் எழுதி, சம்மதம் வாங்கிவிடுங்கள். வரைந்தவர் என்று பெயர் போட்டுக்கொள்ளும் உரிமை பிரிவு 57இன்படி எப்படியும் உங்களுடையது.

மொபைல் உறைக்காரர்? நீங்கள் சொந்தமாகச் சேர்த்த பின்னணிக்கும் கோடுகளுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று வாதாட இடமுண்டு. ஆனால் இந்த ஓவியத்தை வைத்து இப்போது அவர்மேல் புகார் கொடுத்தால், இதன் மூலம் எது என்ற கேள்விக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்ல நேரும். தயாரிப்பு நிறுவனத்தோடு உள்ள விவகாரம் தீரும்வரை அவரை விட்டுவையுங்கள். அவர் விற்கும் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.