கிளிப் போட்ட பல்: ஈறுகளில் ரத்தம் வந்தால் துலக்குவதைக் குறைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கோயம்புத்தூரில் பல்லுக்கு கிளிப் போட்டு நாலு மாதம் ஆகிறது. ஒரு மாதமாகத் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வருகிறது. முன்பல் ஈறு சிவந்து உப்பியிருக்கிறது. அவள் பயந்துபோய் மேலோட்டமாகத் துலக்கிவிட்டு, உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வந்துவிடுகிறாள். அழுத்தித் தேய்த்தால் கிளிப் கழன்றுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஒரு தடவை அப்படிக் கழன்று, அதை ஒட்டிவரவே ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. பனிக்காலத்தில் இங்கே குழாய்த் தண்ணீரை வாயில் வைக்கவே முடியாது. கேரட், வர்க்கி எல்லாம் நிறுத்த வேண்டுமா? என்னதான் செய்வது?

பதில்: ரத்தம் எங்கே வருகிறதோ, பிரஷ் முதலில் அங்கேதான் போக வேண்டும். கேட்கக் கொஞ்சம் கொடுமையாக இருக்கும். ஆனால் உங்கள் மகளுக்கு நடப்பது என்னவென்று புரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

ஈறு ஓரத்தில் அழுக்குப் படலம் தேங்கினால், அதிலுள்ள கிருமிகளை எதிர்க்க உடம்பு அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஈறு உப்பி, மெல்லிசாகி, லேசாகத் தொட்டாலே கசிகிறது. வலிக்குமே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்கினால் படலம் இன்னும் சேரும், ரத்தம் இன்னும் கூடும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 12 பேரைப் பல் துலக்கவே கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி ஒழுங்காகத் துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆனது. அவர்கள் வாயில் கிளிப் கிடையாது. கிளிப் இருந்தால் கொஞ்சம் தாமதமாகலாம், அவ்வளவுதான். சரியான இடத்தில் துலக்க ஆரம்பித்த முதல் மூன்று நாலு நாள் ரத்தம் வரத்தான் செய்யும், அப்புறம் குறையும். இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே பிரஷைக் கீழே வைத்துவிடுவாள்.

சரியான இடம் எது? இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு மகளை நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, மேலுதட்டைத் தூக்கி, சுத்தமான பருத்தித் துணியால் முன்பற்களை ஈரம் போக ஒற்றி எடுங்கள். செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பல்லில் ஒட்டியிருக்கும் சின்ன உலோகத் துண்டு இருக்கிறதே, அதைப் பிராக்கெட் என்போம். அதற்கும் ஈறுக்கும் நடுவில் அரிசி அகலத்துக்கு ஓர் இடம் இருக்கும். பல் குச்சியின் முனையால் அங்கே மெதுவாக வழித்தால் வெளிர் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒன்று வரும். மகள் காட்டும் பிரஷ் வேகம் எல்லாம் பிராக்கெட்டின் முகத்தைப் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கும். இந்த இடம் அப்படியே கிடக்கும். என்னிடம் வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கதை இதுதான். ஒரு நாளைக்கு மூன்று தடவை துலக்குகிறேன் என்பார்கள், பொய்யும் சொல்வதில்லை. மூன்று தடவையும் அதே இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

துணியால் ஒற்றச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல் காய்ந்திருக்கும்போது பிராக்கெட்டைச் சுற்றி, முக்கியமாக ஈறுப் பக்கம், சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலான வெள்ளைத் திட்டு தெரிகிறதா பாருங்கள். எச்சில் ஈரத்தில் அது மறைந்துவிடும். பல்லின் எனாமலிலிருந்து தாது கரைய ஆரம்பித்ததன் முதல் அடையாளம் அது. படலத்தை எடுக்காமல் விட்டால் ஒரே மாதத்தில்கூட வந்துவிடும். மேல் வரிசையில் நடுப்பற்கள் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கும் சின்னப் பற்களில்தான் அதிகம் பார்க்கிறோம். உண்மையைச் சொன்னால், ஈறு வீக்கத்தைவிட எனக்குக் கவலை இதில்தான். ஈறு திரும்பி வந்துவிடும். இந்தத் திட்டு ஓரளவு மங்குமே தவிர, முழுசாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. ரெண்டு வருஷம் கம்பியைச் சுமந்து, கழற்றும் நாளில் வரிசையான பல்லில் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்பு இருந்தால் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

சரி, துலக்கும் முறைக்கு வருவோம். சின்னத் தலையுள்ள, மிருதுவான பிரஷ் போதும். நடுவில் பள்ளம் விழுந்த கிளிப் பிரஷ் கடையில் கிடைக்கிறது. வாங்கினால் நல்லது, வாங்காவிட்டாலும் குடி முழுகிப்போகாது. பேஸ்ட்டில் மட்டும் ஃபுளோரைடு இருக்க வேண்டும். 1000 பிபிஎம் அளவில் இருந்தால் சரி. மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடு கிடையாது, ஆகவே அட்டையைப் படித்து வாங்குங்கள்.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளித்து, மாட்டியிருக்கும் துணுக்குகளை வெளியேற்ற வேண்டும். பிறகு பிரஷைச் சாய்வாகப் பிடித்து, மயிர்களின் முனை பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படுகிற மாதிரி வைத்து, இடம்விட்டு நகர்த்தாமல் சின்னச் சின்னதாக அசைக்கச் சொல்லுங்கள். இரண்டு பல்லுக்கு ஒரு தடவை, மனசுக்குள் பத்து எண்ணும் நேரம். இப்படி ஈறுப் பக்கம் ஒரு சுற்று முழுக்க முடிந்த பிறகு, கடிக்கும் பக்கத்திலிருந்து பிராக்கெட்டை நோக்கிச் சாய்த்து இன்னொரு சுற்று. கடைசியாக உள்பக்கமும், மெல்லும் பரப்பும். ஈறுப் பக்கத்தை முதலில் முடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பிள்ளைகளின் பொறுமை பாதியில் தீர்ந்துபோகும், தீரும்போது முக்கியமான வேலை முடிந்திருக்கட்டும்.

அதோடு வேலை முடியாது. கம்பிக்கு அடியில், இரண்டு பிராக்கெட்டுகளுக்கு நடுவில் பிரஷ் நுழையாது. அதற்கு இன்டர்டென்டல் பிரஷ் என்று பாட்டில் கழுவும் பிரஷின் குட்டி வடிவில் ஒன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும். கம்பிக்குப் பின்னால் மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை விட்டு, ஒவ்வொரு பிராக்கெட்டின் இரண்டு பக்கவாட்டையும் தேய்த்தெடுக்க வேண்டும். சிரமப்படாமல் நுழையும் அளவைத் தேர்ந்தெடுங்கள். முறுக்கித் திணிக்கக் கூடாது. கம்பிக்கடியில் நூலைக் கோத்துச் சுத்தம் செய்கிற முறையும் உண்டு. பல்லிடுக்குக்கு நல்லதுதான், ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதைத் தினமும் செய்யும் என்று நான் நம்பவில்லை. இந்தக் குட்டி பிரஷைத் தினமும் போட்டாலே நான் திருப்திப்படுவேன். தண்ணீரைப் பீய்ச்சும் கருவி வாங்க வசதியிருந்தால் வாங்கலாம். துணுக்கெல்லாம் அருமையாக வெளியே வரும், ஆனால் ஒட்டிய படலத்துக்குப் பிரஷ்தான்.

எல்லாம் சேர்ந்து ஆறேழு நிமிஷம் ஆகும். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடும் காலை நேரத்தில் இது நடக்காத காரியம். காலையில் பிரஷும் பேஸ்ட்டுமாக மூன்று நிமிஷம் துலக்கட்டும். முழு வேலை ராத்திரிக்கு. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைவதால், படலத்தோடு படுக்கப் போவது பல்லுக்கு ரொம்பக் கெடுதல்.

பனிக்காலத் தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் டிசம்பர், ஜனவரியில் சீக்கிரம் துலக்கி முடிப்பதற்குப் பாதிக் காரணம் அந்தத் தண்ணீர்தான். முதலில் கொப்பளிக்க ஒரு டம்ளர் வெந்நீர் விளாவிக் கொடுங்கள். துலக்கி முடித்த பிறகு தண்ணீரே வேண்டாம். நுரையை நன்றாகத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்கக் கூடாது. பல்லில் தங்குகிற அந்தக் கொஞ்சம் ஃபுளோரைடுதான் வெள்ளைத் திட்டுக்கு எதிரான மருந்து. முதல் வாரம் வாய் வழவழவென்று இருக்கும், அப்புறம் பழகிவிடும். இடையில் ஒன்று: நிக்கல் டைட்டானியம் கம்பிகளில் சில குளிரில் தளர்ந்து சூட்டில் விறைக்கும். ஜில்லென்று தண்ணீர் குடித்ததும் இறுக்கம் குறைவது போலவும், சூடாக டீ குடித்ததும் பல்லைப் பிடித்து இழுப்பது போலவும் மகள் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை.

துலக்குவதால் கிளிப் கழலாது. மிருதுவான பிரஷுக்கு அந்த பலம் கிடையாது. கழல்வது பெரும்பாலும் கடித்ததால்தான். கேரட்டைப் பச்சையாக முன்பல்லால் நறுக்கென்று கடிப்பது, கெட்டிக் கொய்யா, தட்டை, கடலை மிட்டாய், சுற்றுலா இடங்களில் விற்கும் சுட்ட சோளக்கதிர் எல்லாம் இந்த ரகம். கேரட்டை நிறுத்த வேண்டாம்; துருவியோ வேகவைத்தோ கொடுங்கள். பேரிக்காயைச் சின்னத் துண்டாக நறுக்கிக் கடைவாயில் மெல்லட்டும். பிளம்ஸைக் கொட்டை எடுத்துக் கொடுங்கள். சோளத்தை உதிர்த்துச் சாப்பிடலாம்.

வர்க்கி விஷயம் கொஞ்சம் வேறு. மொறுமொறுப்பாகக் கடித்தால் பிராக்கெட்டுக்கு ஆபத்து என்று நினைத்து டீயில் நனைத்துக் கொடுப்பீர்கள். கிளிப் பிழைக்கும், ஆனால் நனைந்த மாவு கம்பிக்கடியில் பசையாக அப்பிக்கொள்ளும். தண்ணீர் கொப்பளித்தாலும் சுலபத்தில் போகாது. தின்னட்டும், ஆனால் தின்றதும் குட்டி பிரஷ் போட வேண்டும். ஊட்டி சாக்லேட்டிலும் கேரமல், முந்திரி, பாதாம் போட்டதை விட்டுவிட்டு, வாயில் கரைகிற வெறும் சாக்லேட்டைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிடுவது மேல்.

இதையெல்லாம்விட நான் கண்டிப்பாக இருப்பது டீயில். குளிருக்குக் காலையில் ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, படிக்கும்போது ஒன்று என்று சர்க்கரை போட்ட டீ நம் வீடுகளில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலக் குறியீடு (pH; இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மடக்கு போனால் பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை. தேயிலையிலேயே ஃபுளோரைடு இருக்கிறதே என்று எஸ்டேட் பக்கத்துப் பெற்றோர் சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பிறகு அதை நம்பிப் பிரயோசனமில்லை. சர்க்கரை இல்லாமல் குடிக்கப் பழக்குங்கள். முடியாவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொடுங்கள். ஃபிளாஸ்க்கில் வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்சுவது மட்டும் கூடவே கூடாது.

உப்புத் தண்ணீர் வீங்கிய ஈறுக்கு இதமாக இருக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, ஒரு வாரம் போலக் கொப்பளிக்கட்டும். படலத்தை அது எடுக்காது. எண்ணெய் கொப்பளிப்பதும் அப்படித்தான். கரித்தூளும் வேப்பங்குச்சியும் கிளிப் இருக்கும்வரை வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டால் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொடுப்பார்கள். அது நல்ல மருந்துதான், ஆனால் மருத்துவர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். நாள்கணக்கில் உபயோகித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், டீ குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். பேஸ்ட் போட்டுத் துலக்கியதற்கும் அதற்கும் இடையே அரை மணி நேரமாவது இருக்கட்டும். தினசரிக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஃபுளோரைடு மவுத்வாஷ், அதுவும் துலக்காத நேரத்தில், பள்ளி விட்டு வந்த பிறகு.

மகள் தூங்கும்போது ஒரு நாள் கவனியுங்கள். முன்பல் தூக்கலாக இருக்கும் பிள்ளைகள் பலர் வாயைத் திறந்து மூச்சு விடுவார்கள். அப்போது மேல் முன்பல் ஈறு காய்ந்து, எவ்வளவு துலக்கினாலும் சிவப்பாகவே இருக்கும். மூக்கடைப்பு இருந்தால் அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இனி, மலையிறங்கும் பயணம். ஈறுக் காரையைச் சுத்தம் செய்யக் கோயம்புத்தூர்தான் போக வேண்டும் என்றில்லை. கிளிப் போட்ட மருத்துவரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கோத்தகிரியிலோ குன்னூரிலோ உள்ள பல் மருத்துவரிடமே செய்துகொள்ளலாம். கம்பி இருக்கும்போதே செய்ய முடியும். நாலு மாதமாகத் தேங்கியதில் கொஞ்சம் கெட்டிப்பட்டுக் காரையாகியிருந்தால் பிரஷுக்கு அது வராது, ஆகவே இந்த முறை ஒரு தடவை செய்துவிடுவது நல்லது. வழக்கமான பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போகும்போது பிரஷைக் கையோடு எடுத்துப் போங்கள். கம்பியைக் கழற்றி மாற்றும் அந்தச் சில நிமிஷத்தில் அங்கேயே துலக்கிக்கொள்ள அனுமதி கேளுங்கள். கம்பி இல்லாத பல்லைத் துலக்க மாதத்தில் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது. இன்டர்டென்டல் பிரஷை எந்த அளவில் வாங்குவது, எப்படி விடுவது என்பதையும் அங்கே கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள்.

ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் ரத்தம் குறையாவிட்டால், ஈறு வளர்ந்து பிராக்கெட்டை மூட ஆரம்பித்தால், கடைவாய்ப் பல்லில் மாட்டிய வளையம் ஆடினாலோ அங்கே கெட்ட ருசி தெரிந்தாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். வளையத்தின் சிமென்ட் கரைந்திருந்தால் உள்ளே தெரியாமலேயே பல் சொத்தையாகும். ஒரு பிராக்கெட் மட்டும் கழன்று கம்பியில் நகர்ந்துகொண்டிருந்தால் போட்டோ எடுத்து அனுப்பிக் கேளுங்கள். ஓரிரு நாள் பொறுக்கக்கூடியதா என்று பார்த்துச் சொல்வார்கள். அதுவரை அதன் அடியில் சோறு மாட்டாமல் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபடுவது நமக்குப் புதிதில்லை. ஆகவே கம்பி முனை கன்னத்தைக் குத்தினால் ஒட்டிக்கொள்ளும் மெழுகு ஒரு டப்பா எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பிராக்கெட் முழுசாகக் கையோடு வந்துவிட்டால் அதைத் தூக்கிப் போடாமல் அந்த டப்பாவிலேயே போட்டு எடுத்துப் போங்கள்.