முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஐந்தாவது வாரம் மூளையில் ரத்தம்: வழக்கு நிற்குமா?

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. கடலூர் சாலையில் பைக் இடித்து விழுந்தார். அன்று தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரத்தில் பேச்சு குழறி நடை தள்ளாடியது. புதுச்சேரியில் மூளையைச் சுற்றி ரத்தம் என்று ஆபரேஷன் செய்தார்கள். "அன்னிக்கு ஸ்கேன் நார்மல், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறது பைக்காரர் தரப்பு. சான்றிதழ் வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: சம்பந்தத்தைக் காட்ட முடியும். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கி, மண்டையோட்டுக்குள் இடம் விழும். அந்த இடைவெளியில் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். தலை அதிர்ந்து அதில் ஒன்று கிழிந்தால் ரத்தம் பீறிடாது, கசியும். அன்றைய ஸ்கேனில் தெரியாமலே போகலாம். வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை அமுக்கும்போதுதான் "அப்பா ஒரு மாதிரி இருக்கார்" என்பார்கள்.

ரத்தத்துக்கும் வயது உண்டு. சி.டி. படத்தில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும், பிறகு மூளையின் நிறத்தோடு கலந்து ஏமாற்றும், மூன்று வாரம் தாண்டினால் கறுக்கும். மண்டையில் துளை போட்டதும் பழைய என்ஜின் ஆயில் மாதிரி வழியும். சர்ஜன் அதை ஆபரேஷன் குறிப்பில் எழுதுவார். அந்தப் பக்கத்தின் நகல் உங்களுக்கு வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. இரண்டு ஸ்கேனின் படங்களையும் வாங்கி வையுங்கள், ரிப்போர்ட்டை மட்டுமல்ல.

என் பெரிய கவலை வேறு. முதல் நாள் ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், என்ன எழுதியிருக்கிறது? "வழுக்கி விழுந்தார்னு சொல்லுங்க, போலீஸ் தொல்லை இருக்காது" என்று அவசரப் பிரிவு வாசலிலேயே காதில் ஓதுவார்கள். பைக்காரரின் ஆள் ஓதுவார், சில சமயம் நம் சொந்தக்காரரே ஓதுவார். பயத்தில் வீட்டார் தலையாட்ட, டியூட்டி டாக்டர் சொன்னதை எழுதுவார். அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டிய குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றே காப்பி வாங்கிப் படியுங்கள். அதில் பைக் பற்றி எழுதவில்லையென்றால், 108 ஆம்புலன்ஸ் பதிவு (அதில் வந்திருந்தால்), பார்த்தவர் வாக்குமூலம், எஃப்.ஐ.ஆர். மூன்றையும் தேடுங்கள்.

பணம் கேட்பவரை விரட்டுங்கள். காயச் சான்றிதழ் என்பது போலீஸ் கேட்டு மருத்துவர் தருவது. நடுவில் ஆளுக்கு வேலையே இல்லை. அவர் கொண்டுவரும் தாளை நீதிமன்றத்தில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் முதல் குறுக்கு விசாரணையிலேயே கிழிந்துவிடும். முதல் சான்றிதழில் சாதாரண காயம் என்றிருந்தால், ஆபரேஷன் செய்த மருத்துவமனையிடம் மறு கருத்து கேட்டு விசாரணை அதிகாரி கடிதம் தர வேண்டும். உயிருக்கு ஆபத்தான காயம், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 116-இன்படி கொடுங்காயம். கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். ஆனால் மாநில எல்லை தாண்டும் கடிதம் மாதக்கணக்கில் எந்த மேசையில் தூங்குமோ! நீங்களே நேரில் போய்த் தட்டுங்கள். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் வைத்த கெடு விபத்து நாளிலிருந்து 6 மாதம்; கடிதத்துக்காகக் காத்திருந்து அதைத் தவற விடாதீர்கள்.

ஒன்று மட்டும் மறைக்காதீர்கள். அப்பா இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் லேசான இடியிலும், சில சமயம் இடியே இல்லாமலும் இப்படிக் கசியலாம். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடிப்பார். மருந்துச் சீட்டை ஒளித்து வைத்து, பிறகு அவர் மருந்துக்கடை பில்லோடு வந்தால் மீதி உண்மையையும் நம்ப மாட்டார்கள். எந்த மாத்திரை, என்ன அளவு, எப்போதிலிருந்து என்று சர்ஜனிடம் நீங்களே சொல்லுங்கள். முன்பு கசிவு இல்லை என்பதற்கு முதல் நாள் ஸ்கேனே சாட்சி. அடிபட்ட பிறகுதான் வந்தது என்பது அதிலேயே தெரியும். இடையில் குளியலறையில் விழுந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். "விபத்துதான் காரணம்" என்று அடித்து எழுதச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். "ஒத்துப்போகிறது" என்றுதான் எழுதுவார், உங்களுக்கு அது போதும்.