மூளையில் டிபிஎஸ் கருவி வைத்தவர்களுக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பலருக்கு எடுக்கலாம். (டிபிஎஸ் என்பது நெஞ்சில் வைத்த பேட்டரியிலிருந்து ஒயர் வழியாக மூளைக்குள் மின்தூண்டல் தருவது. பார்கின்சன் நோயாளிகளுக்கு வைப்பார்கள்.) ஆனால் "கருவியை ஆஃப் பண்ணிட்டு வாங்க, போதும்" என்று மட்டும் சொல்லும் இடத்தில் எடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டிலும் பார்கின்சன் நோயாளி இருப்பார் என்று நினைக்கிறேன். என் அப்பாவுக்கு டிபிஎஸ் வைத்துச் சில வருடங்களில் இடது கால் மரத்துப்போக, முதுகுக்கு எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தார்கள். முதல் ஸ்கேன் சென்டர் நெஞ்சில் பேட்டரி என்றதுமே கையை விரித்தது. இரண்டாவதில், "எடுக்கப்போவது முதுகுதானே, தலை இல்லையே" என்றார்கள். நம்பி அப்பாவுக்கு உடையும் மாற்றிவிட்டேன். ஏதோ உறுத்த, அப்பாவின் கருவியில் தூண்டல் அளவை அமைத்துத் தரும் புரோகிராமிங் செய்பவருக்கு போன் போட்டேன். "உடனே வெளியே கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஆஃப் செய்தால் தூண்டல்தான் நிற்கும். ஒயர் உள்ளேதான் இருக்கிறது. மெஷினின் ரேடியோ அலையை அது ஆன்டெனா மாதிரி வாங்கி, மூளைக்குள் இருக்கும் நுனியில் சூடாக்கிவிடும். முதுகுக்கு எடுத்த எம்ஆர்ஐயால் ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்து ஒரு பக்கம் செயலிழந்தது 2005-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மெட்ரானிக்கின் ஆக்டிவா கருவிகளுக்கே 2015-ல்தான் அமெரிக்காவில் முழு உடல் எம்ஆர்ஐக்கு அனுமதி வந்தது, அதுவும் 1.5 டெஸ்லா காந்த சக்தி உள்ள மெஷினில், நிபந்தனைகளோடு.

பேட்டரி, லீட் (மூளைக்குள் இருக்கும் ஒயர்), இடையில் போகும் ஒயர் என எல்லாவற்றின் மாடல் நம்பரும் வேண்டும். அதெல்லாம் இருந்த கார்டை, வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போட்டவன் என் தம்பி. வருடத்துக்கு ஒருமுறை வந்து "இவ்வளவு செலவு பண்ணியும் கை நடுங்குதே" என்று கேட்பவனும் அவன்தான். போகட்டும். ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டு வாங்கினேன்.

மாடல்கள் பொருந்தின. ஆனால் இம்பீடன்ஸ், அதாவது ஒயரில் மின்தடை எவ்வளவு என்று சோதித்தபோது ஒரு லீடில் இணைப்பு அறுந்திருந்தது. அப்படியிருந்தால் எம்ஆர்ஐ கூடாது. சிடி எடுத்தார்கள், டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது அதிலேயே தெரிந்தது.

நான் டாக்டர் இல்லை. "எங்க அம்மாவுக்கு ஆஃப் பண்ணித்தான் எடுத்தோம், ஒண்ணும் ஆகலையே" என்று வரப்போகிறவர்களுக்கு: சில மாடல்களுக்கு நிபந்தனையே அதுதான். உங்கள் அம்மாவுடையது அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம். எங்கள் அப்பாவுடையது அன்றைக்கு அப்படி இல்லை.

ஒருவேளை எடுத்தால், திரும்ப ஆன் செய்யாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.