எழுத்தாளர் படத்தில் யாருக்கு இடம்? – கேள்வி பதில்

எழுத்தாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களில் யார் தெரிகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்று வன்னி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கிளிநொச்சித் தம்பி ஒருவர்: அண்ணை, 2000இல் வந்த ‘பாரதி’ படத்தில் பாரதியாக நடித்தவர் மராத்திக்காரர். தமிழ் நடிகர் ஒருவரும் கிடைக்கவில்லையா?

ஞான ராஜசேகரன் ஷாயாஜி ஷிண்டேயைப் போட்டதில் எனக்குக் குறை இல்லை. பாரதி தமிழ்க் கவிஞர் என்பதை அந்தப் படம் எங்கும் மறைக்கவில்லை. நடிகர் எந்த ஊர் என்று பார்ப்பதை விட, அவரைப் போட்டதால் எழுத்தாளரைப் பற்றிய உண்மை ஏதாவது காணாமல் போகிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

வவுனியா மாணவி: அப்படிக் காணாமல் போன படம் உண்டா?

உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமாவின் பாட்டி, இன்றைய ஹெயிட்டியில் அடிமையாக இருந்த ஆபிரிக்க வம்சாவளிப் பெண். நிறத்தைச் சொல்லி டூமாவைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். 2010இல் வந்த படத்தில் அவராக நடித்தவர் ஜெரார் தெபார்தியூ. வெள்ளைக்கார நடிகருக்குத் தோலைக் கறுப்பாக்கி, சுருட்டை முடியும் வைத்தார்கள். பிரான்ஸின் கறுப்பின அமைப்புகள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஒரு மனிதன் சுமந்த விஷயம் ஒப்பனைப் பெட்டிக்குள் போய்விட்டது.

மாங்குளம் ஆசிரியை: எழுத்தாளரின் மனைவி ஏன் எப்போதும் அழுதுகொண்டே இருக்கிறார்?

டீச்சர், பாரதி அரிசியை அள்ளிச் சிட்டுக்குருவிக்குப் போட்ட கதையைக் கவிஞர் மனதுக்குச் சான்றாக ஆளாளுக்குச் சொல்கிறோம். அந்த அரிசியை இரவல் வாங்கி வந்த செல்லம்மாள் உலையை வைத்துவிட்டு நின்றிருப்பார், அதை யார் சொல்கிறார்கள்? கணவரைப் பற்றிப் புத்தகமே எழுதியவர் அவர். சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. உருது எழுத்தாளர் மண்ட்டோவைப் பற்றி நந்திதா தாஸ் எடுத்த ‘மண்ட்டோ’ (2018) இந்த இடத்தில் தேவலாம். அதில் கணவரின் குடிக்கும் கடனுக்கும் வீடு கொடுக்கிற விலை மனைவி சஃபியாவின் முகத்தில் தெரிகிறது.

அதே ஆசிரியை: ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர் கனகலிங்கத்துக்குப் பாரதி பூணூல் போட்டதைக் காட்டினால் சாதி விஷயம் வந்துவிடும்தானே?

கமராவைக் கனகலிங்கத்தின் பக்கம் திருப்பினால் வரும். பாரதியின் கையை மட்டும் காட்டினால் அது பெரிய மனிதரின் பெருந்தன்மைக் காட்சியாகிவிடும். ‘என் குருநாதர் பாரதியார்’ என்று கனகலிங்கம் தானே எழுதியிருக்கிறார். அவர் வாயால் கதை சொல்ல வைக்கலாமே.

முள்ளியவளைக் குழு: 1980களில் வாழ்ந்த கற்பனையான வன்னி எழுத்தாளர் ஒருவரைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறோம். கதைப்பிரதியை அனுப்பியிருக்கிறோம்.

வாசித்தேன், நல்லாயிருக்கிறது. ஆனால் ஆக்கள் குறைகிறார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்படும் வரைக்கும் உங்களுக்குப் பக்கத்துத் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. உங்கள் முள்ளியவளையில் ஒருவர்கூட இல்லை. எழுத்தாளரோடு படித்த ஒருவராவது வேண்டாமா?

அப்புறம், 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்கள். உங்கள் கதையில் அவர்கள் களை பிடுங்கும் காட்சியில் மட்டும் வருகிறார்கள். எழுத்தாளர் வரம்பில் வந்ததும் நிமிர்ந்து சிரித்து, “வாங்க ஐயா” என்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு பெண், “போன கிழமைக் கூலி இன்னும் வரலையே ஐயா” என்று கேட்கட்டும். வயல் எழுத்தாளரின் அண்ணருடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்ல அவர் தடுமாறட்டும். படத்தின் மிக நல்ல காட்சி அதுவாகவே இருக்கும். அந்தப் பெண்ணுக்கு யாழ்ப்பாணப் பேச்சைக் கொடுத்துவிடாதீர்கள். வன்னிக் கிழவரைச் சிரிப்புக்காக இழுத்து இழுத்துக் கதைக்க விடும் பழைய மேடைப் பழக்கமும் வேண்டாம்.

மன்னாரிலிருந்து: இப்படி ஒவ்வொருவராகச் சேர்த்தால் படமா, குடிசன மதிப்பீடா?

எல்லாரையும் சேர்க்கச் சொல்லவில்லை, ஐயா. அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் உண்மையில் நடமாடியவர்களைத் துடைக்காமல் விட்டால் போதும்.

புதுக்குடியிருப்புத் தங்கச்சி: கால் இழந்தவர் வேடத்துக்குக் கால் இழந்தவர்தான் நடிக்க வேண்டுமா?

வன்னியில் இருந்துகொண்டு ஆள் கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? முதலில் அவர்களிடமே கேளுங்கள். அந்த ஒரு வேடத்தோடு நிறுத்தவும் வேண்டாம். அச்சகக்காரர் வேடத்தையோ, கடன் கேட்டு வரும் மச்சான் வேடத்தையோ கொடுத்துப் பாருங்கள். ஒத்திகை மேல்மாடியில் என்றால் கீழே மாற்றிவிடுங்கள்.