30 சதவீதம் கூட தர்றாங்க, போகலாமா?

கேள்வி: ரொம்ப நாளா ஒரே கம்பெனி, மேனேஜர் நல்ல மனுஷன். இப்போ வேற இடத்துல 30 சதவீதம் அதிகம் தர்றேன்னு கூப்பிடுறாங்க. என்ன பண்றதுன்னே தெரியல.

பதில்: முதல்ல அந்த 30 கைக்கு வர்ற சம்பளத்துலயா, இல்ல வேரியபிள் பே (வேலையைப் பொறுத்து கூடக் குறைய வர்ற தொகை), ஜாயினிங் போனஸ்னு எல்லாத்தையும் சேத்துக் காட்டுன கணக்கான்னு கேளுங்க, ஏன்னா ஜாயினிங் போனஸ் ஒரு தடவைதான், அதுவும் சீக்கிரமே கெளம்பிட்டா திருப்பிக் கட்டணும்னு நெறைய இடத்துல கண்டிஷன் இருக்கும். அடுத்து நேரம். போக வர டிராவலோட இங்க 8 மணி நேரம், அங்க 10 மணி நேரம்னா, ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்குக் கூடுறது வெறும் 4 சதவீதம்தான் (100ஐ 8ஆல வகுத்தா 12.5, 130ஐ 10ஆல வகுத்தா 13, நீங்களே போட்டுப் பாருங்க).

நல்ல மேனேஜர் கிடைக்கிறது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா நாளைக்கு அவரே ரிசைன் பண்ணிட்டா? இப்ப இருக்கற இடத்துல புதுசா கத்துக்க ஒண்ணும் இல்லன்னா நான் கெளம்புங்கன்னுதான் சொல்லுவேன். ஆஃபர் லெட்டர் கைக்கு வராம மட்டும் பேப்பர் போட்டுடாதீங்க, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்னும் புது கம்பெனிகிட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க.