கேமராவைத் தூக்கினாலே எல்லாரும் போஸ் கொடுக்கிறார்களா?

வாசகர் ஒருவரின் கேள்வி: “வீட்டில் தினமும் நடப்பதை அப்படியே படமாக எடுத்துவைக்க ஆசை. கேமராவைத் தூக்கினாலே குழந்தைகள் பல்லைக் காட்டுகிறார்கள், பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தெரியாமல் எடுத்தால் படம் ஷேக் ஆகிவிடுகிறது, பின்னால் வீட்டுச் சாமான் மொத்தமும் தெரிகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?”

கேமராவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கல் அதில் இல்லை. நீங்கள் படத்தைத் துரத்துகிறீர்கள். எங்கேயோ ஏதோ நன்றாக நடக்கிறது, ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வருகிறீர்கள், வந்து நிற்பதற்குள் எல்லாரும் உங்களைப் பார்த்துவிடுகிறார்கள், வெளிச்சமும் ஏனோதானோ என்று இருக்கிறது, கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடுகிறீர்கள். இதை அப்படியே மாற்றிப் பாருங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும் இடத்தில் முதலில் போய் உட்காருங்கள். நடப்பது தானாக நடக்கட்டும், அது முடியும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று ஒரு விடுமுறை நாளில் கவனித்துவையுங்கள். நேர் வெயில் வேண்டாம், வானத்து வெளிச்சம் போதும். ஜன்னலை விட்டுத் தள்ளிப் போகப் போக வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும், நம் கண் அதற்குப் பழகிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை, கேமராவுக்குத் தெரியும். அதனால் ஆள் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், வெளிச்சம் அவருக்குப் பக்கவாட்டில் விழுகிற மாதிரி நீங்கள் நிற்க வேண்டும். பகலில் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: மஞ்சள் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 கெல்வின் வாக்கில் இருக்கும். இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் ஆரஞ்சாகவும் மறு கன்னம் நீலமாகவும் வரும், வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் எந்த வொயிட் பேலன்ஸாலும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது. இரவில் வேறு வழியில்லாமல் அப்படி எடுத்த படம் என்றால் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடலாம், அது நியாயமான தீர்வுதான்.

படம் ஷேக் ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் கை நடுக்கம் இல்லை, ஆள் அசைவதுதான். சும்மா உட்கார்ந்து பேசுபவருக்கு ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/125 நொடி போதும், குழந்தைகள் என்றால் 1/250க்குக் கீழே போகாதீர்கள், ஓடினால் 1/500. ஐ.எஸ்.ஓ. என்பது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பதன் அளவு, அதைக் கேமராவே முடிவுசெய்யும் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/250 என்றும் ஐ.எஸ்.ஓ.வின் உச்சத்தை 6400 என்றும் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருமே என்று பயப்படாதீர்கள். நாய்ஸ் இருக்கிற தெளிவான படத்தை யாரும் குறை சொல்வதில்லை, மங்கிப்போன முகத்தை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது. எல்.இ.டி. விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் அது விளக்கு மினுங்குவதால் வருவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் ஷட்டரை 1/100க்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். போனில் எடுப்பவர்கள் நைட் மோடை அணைத்துவிடுங்கள், அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதால் அசையும் கை கால்கள் கரைந்துபோகும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், ஒரு தடவை பளிச்சென்று அடித்தால் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் நீங்கள் நினைவுக்கு வந்துவிடுவீர்கள்.

சரி, பல்லைக் காட்டும் குழந்தைகளுக்கு வருவோம். ஒளிந்து நின்று எடுப்பது இதற்கு வழியில்லை. வீட்டு மனிதர்களை வேவு பார்ப்பது போல ஆகிவிடும், கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நம்பவும் மாட்டார்கள். கேமரா எந்நேரமும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும், அலுத்துப்போகும் அளவுக்குச் சாதாரண விஷயங்களை எடுங்கள், துணி மடிப்பது, பென்சில் சீவுவது, இப்படி. பல்லைக் காட்டினால் அந்தப் படத்தையும் எடுத்துக்கொடுத்துவிடுங்கள், திட்டாதீர்கள், “இயல்பா இரு” என்றும் சொல்லாதீர்கள், அதைக் கேட்ட பிறகு யாராலும் இயல்பாக இருக்க முடியாது. அவர்கள் கேட்ட படத்தை எடுத்த பிறகு நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும், முக்கியமானது இதுதான். கொஞ்ச நேரத்தில் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், உங்கள் படம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வாசலில் உட்கார்ந்து ஒரு குழந்தை ஷூ லேஸ் கட்டுகிறது. குனிந்த தலையை எல்லாரும் எடுத்துவிடுவார்கள். நீங்கள் தரையில் உட்காருங்கள், கேமரா அதன் முழங்கால் உயரத்துக்கு வரட்டும். முதல் முடிச்சு நழுவும், நாக்கு உதட்டோரம் எட்டிப்பார்க்கும், இரண்டாவது தடவை கோபம் வரும், அண்ணனின் கை மேலிருந்து நீளும், குழந்தை அதைத் தட்டிவிடும். அந்தத் தட்டிவிடும் கைதான் படம். முதல் கிளிக்கோடு எழுந்து போயிருந்தால் அது கிடைத்திருக்காது. நடந்து முடிந்த பிறகு “இன்னொரு தடவை தட்டிவிடு” என்று கேட்காதீர்கள், தவறிப்போனது தவறிப்போனதாகவே இருக்கட்டும், மறுபடி செய்யவைத்தால் அந்த நடிப்பு இனி வருகிற படங்களில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

முகம் தெரிந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1946இல் எடுத்த ஒரு படத்தில் அவருடைய பிள்ளைகள் இருவர் மர நிழலிலிருந்து வெளிச்சத்துக்குள் நடந்துபோகிறார்கள், தெரிவது முதுகு மட்டும்தான். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் 1955இல் நடந்த புகழ்பெற்ற கண்காட்சி அந்தப் படத்தோடுதான் முடிந்தது. கேமராவைக் கண்டு கூசுகிற பெரியவர்களுக்கு இது நல்ல வழி: கையை எடுங்கள், முதுகை எடுங்கள், சாய்ந்து தூங்கும் தோளை எடுங்கள்.

பின்னால் தெரியும் சாமான்களுக்காக வீட்டை ஒழுங்குபடுத்தாதீர்கள். இருபது வருடம் கழித்துப் பார்க்கும்போது முதலில் கண் தேடுவது அந்தச் சாமான்களைத்தான். தலைக்குப் பின்னால் கதவு நிலையோ கம்பியோ முளைத்தால் மட்டும் அரை அடி நகருங்கள், அல்லது கொஞ்சம் குனியுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். போர்ட்ரெய்ட் மோடு வைத்துப் பின்னணியை அழிப்பது, செயலியில் பொருட்களை நீக்குவது இரண்டும் எனக்குச் சம்மதமில்லை, எடுப்பது ஆவணம் என்றால் இருந்தது இருக்க வேண்டும். ஆனால் ஒன்று, எடுத்ததையெல்லாம் வெளியே போடாதீர்கள். அழுகிற, குளிக்கிற, நோயில் கிடக்கிற படங்கள் வீட்டோடு இருக்கட்டும். வளர்ந்த பிள்ளை வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்.

இப்போது கேமரா. பகலில் ஜன்னலோரத்தில் எடுக்க உங்கள் போனின் முதன்மை லென்ஸே போதும். அல்ட்ரா வைடு பக்கம் போகாதீர்கள், ஓரத்தில் இருக்கும் முகம் இழுபடும். ஜூம் செய்வதற்குப் பதில் இரண்டடி முன்னால் போங்கள். இரவில் நிறைய எடுப்பவர் என்றால் மட்டும், ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 35 மி.மீ., ஏ.பி.எஸ்.-சி (அதைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 23 மி.மீ., எஃப் 2 அல்லது அதைவிட அகலமாகத் திறக்கிற லென்ஸாக ஒன்று பாருங்கள். கேமரா உடல் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, காசை லென்ஸில் போடுங்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் நல்லது, ஆனால் அந்த வசதியை எல்.இ.டி. வெளிச்சத்தில் போட்டால் பட்டை விழலாம், அதனால் வாங்கும் முன் இரவு விளக்கில் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.