பனிக்கட்டிக்கு ஏது பல்? பனியாறுகள் பற்றிய கேள்வி-பதில்

கே: பனிக்கட்டியை நகத்தாலேயே சுரண்டலாம். அது எப்படிக் கருங்கல்லை அறுக்கும்?

ப: பனி அறுப்பதில்லை, அது சுமந்துவரும் கல்தான் அறுக்கிறது. உப்புத்தாளில் தாளா மரத்தைத் தேய்க்கிறது? ஒட்டியிருக்கும் மணல்தானே! பனியாறு என்பது மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனித்திரள். அதன் அடியில் மாட்டிக்கொண்ட கற்களை மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்குப் பனி அழுத்த, அவை பாறையைக் கோடு கோடாய்க் கீறிக்கொண்டே நகரும். கூடவே இன்னொரு வேலை: உருகிய நீர் பாறை வெடிப்பில் இறங்கி மறுபடி உறையும், பனி நகரும்போது அந்தத் துண்டையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஒரு பாறை மேட்டின் ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் உடைந்து படிபடியாகவும் இருந்தால், பனி வழவழப்பான பக்கத்திலிருந்து வந்து ஏறி, உடைந்த பக்கமாக இறங்கியிருக்கிறது.

இப்படி அரைபட்ட பாறை மாவு, உருகும் நீரில் கலந்து ஆற்றோடு போகும். கங்கோத்ரி பனியாறு முடியும் கோமுகில் பாகீரதி ஆறு சாம்பலைக் கரைத்த மாதிரி கலங்கி வருவது அதனால்தான்.

கே: பள்ளத்தாக்கைப் பார்த்ததுமே ஆறு வெட்டியதா, பனி வெட்டியதா என்று சொல்ல முடியுமா?

ப: பெரும்பாலும் முடியும். ஆறு அடியை மட்டும் அறுப்பதால் ‘வி’ வடிவம். பனியாறு பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு நகர்வதால் பக்கச் சுவர்களையும் சேர்த்துச் சுரண்டும், அதனால் ‘யு’. நான் முதலில் தேடுவது அருவியை. கிளைப் பனியாறு சிறியது, அவ்வளவு ஆழம் தோண்டாது. பனி போனபின் அதன் பள்ளத்தாக்கு பாதிச் சுவரில் அந்தரத்தில் நிற்கும், ஓடை அங்கிருந்து குதிக்கும். கலிபோர்னியாவின் யோசமிட்டியில் பிரைடல்வெயில் அருவி அப்படித்தான் 188 மீட்டர் விழுகிறது.

கே: யோசமிட்டியின் ஹாஃப் டோம் மலையை ஒரு பனியாறு பாதியாக வெட்டியதாமே?

ப: இல்லை. அதன் உச்சியைப் பனி மூடியதே கிடையாது. அந்தச் செங்குத்து முகம் கிரானைட்டில் ஏற்கெனவே இருந்த நெடுக்கு வெடிப்புகளின் வழியே பெயர்ந்து விழுந்தது. யோசமிட்டி பள்ளத்தாக்கின் சமதளத் தரையும் பனி செதுக்கியதல்ல. பனி தோண்டிய பள்ளத்தில் வண்டல் நிரம்பியது. சில இடங்களில் வண்டலின் கனமே ஏறக்குறைய 600 மீட்டர்.

அந்தப் பள்ளத்தாக்கு எப்படி உருவானது என்பதற்கு அந்தக் காலத்தில் பெரிய சண்டை. கலிபோர்னியா மாநில நிலவியலாளர் ஜோசையா விட்னி, தரை அப்படியே உள்வாங்கியது என்றார். அங்கே ஆடு மேய்க்கப் போன ஜான் மியூர், பனியாறுதான் என்று 1871-இல் பத்திரிகையில் எழுதினார். மியூர் சொன்னதுதான் நின்றது. ஆனால் பனியின் பரப்பை அவரும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்.

கே: கேதார்நாத் கோயில் பனியாறு விட்டுப்போன இடத்திலா இருக்கிறது?

ப: ஆம். பனியாறு கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும் பரந்த தளம் அது. இந்தக் குவியலை மொரெய்ன் என்போம். சிமென்ட் இல்லாமல் கொட்டிய ஜல்லி மாதிரி, பிடிமானம் குறைவு. கோயிலுக்கு மேலே சோராபாரி ஏரியைத் தாங்கிநின்றதும் அப்படிப்பட்ட கரைதான். 2013 ஜூனில் கனமழையோடு ஏரி நிரம்ப, கரை உடைந்தது. வெள்ளத்தில் உருண்டுவந்த பெரும்பாறை ஒன்று கோயிலின் பின்னால் நின்று வெள்ளத்தை இருபுறமும் பிரித்துவிட்டது. ஊர் தப்பவில்லை.

கே: பனியாறு கடல்மட்டத்துக்குக் கீழேயும் தோண்டுமா?

ப: தோண்டும். பனியாறு வெட்டிய பள்ளத்தில் கடல் புகுந்தால் அதை ஃபியோர்டு என்போம். நார்வேயின் சோக்னே ஃபியோர்டு 1,300 மீட்டர் ஆழம். கடலைச் சேரும் வாயிலிலோ ஆழம் மிகக் குறைவு. ஆற்றால் இப்படி உள்ளே ஆழமாகவும் வெளியே மேடாகவும் வெட்ட முடியாது.

கே: மணாலியில் பியாஸ் ஆற்றங்கரையில் முட்டை போல உருண்டையான கல் எடுத்தேன். பனியாற்றுக் கல்லா?

ப: ஒருகாலத்தில் பனி கொண்டுவந்ததாக இருக்கலாம், ஆனால் உருட்டியது ஆறு. பனியாற்றுக் கல்லின் முனைகள் லேசாக மழுங்கியிருக்கும். ஒன்றிரண்டு முகம் தேய்த்த மாதிரி தட்டையாக, கீறலோடு இருக்கும். கல்லை நனைத்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.